சின்ன ஓட்டலுக்கு கூகுள் மேப், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம்: கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் மெஸ், பரோட்டா கடை, பிரியாணி கடை நடத்துபவர்களுக்கும், வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுப்பவர்களுக்கும் போனில் கடைப் பக்கத்தைத் திறந்து நடத்தக் கற்றுக்கொடுப்பது என் வேலை. எங்கே போனாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருப்பதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய ஓட்டல்களுக்கு இது எழுதப்படவில்லை. கல்லாவில் முதலாளியே உட்காரும் கடைகளுக்காக எழுதியது.

"அப்பா காலத்துல இருந்து வாய் வழியாத்தான் கூட்டம் வருது. எங்களுக்கு இதெல்லாம் தேவையா தம்பி?"

வாய் வழியாக வரும் கூட்டம் இன்னும் இருக்கிறது. ஆனால் "அந்த மெஸ்ல சுக்கா நல்லா இருக்கும்" என்று ஒருவர் சொன்னால், கேட்டவர் உடனே போனை எடுத்து மேப்பில் தேடுகிறார். அங்கே கடையே இல்லை, அல்லது மூடியிருப்பதாகக் காட்டுகிறது என்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார். உங்களைப் பற்றி ஒருவர் நல்லதாகச் சொன்னதன் பலன் வேறு கல்லாவுக்குப் போகிறது.

வர நினைப்பவருக்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும். கடை இப்போது திறந்திருக்கிறதா? இன்றைக்கு என்ன இருக்கிறது? எப்படி வருவது? இதற்குப் போனில் பதில் கிடைத்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. ரீல், ஃபாலோயர்ஸ் எல்லாம் அப்புறம்தான்.

"எதுல ஆரம்பிக்கிறது? ஃபேஸ்புக், இன்ஸ்டா, யூடியூப்னு எல்லாத்துலயும் அக்கவுன்ட் போடணுமா?"

வேண்டாம். முதலில் கூகுள் மேப், அடுத்து வாட்ஸ்அப், மூன்றாவதாக இன்ஸ்டாகிராம். நான் சொல்லும் வரிசை இதுதான். முதல் இரண்டைச் சரியாக நடத்தாமல் மூன்றாவதுக்குப் போனால், ரீல் பார்த்து ஆசைப்பட்டவர் வழி தெரியாமல் நிற்பார். யூடியூப் சேனல் தனித் தொழில். கடையையும் பார்த்துக்கொண்டு அதையும் நடத்த முடிந்தவர்கள் மிகக் குறைவு.

கூகுள் மேப்பில் உங்கள் கடைக்கென இருக்கும் பக்கத்துக்குப் பெயர் கூகுள் பிசினஸ் புரொஃபைல், அது இலவசம். முதலில் மேப்பில் கடை இருக்கும் இடத்தைக் காட்டும் குறி சரியான வாசலில் இருக்கிறதா என்று பாருங்கள். சந்துக்குள் இருக்கும் கடைகளுக்கு அந்தக் குறி பெரும்பாலும் பின்பக்கத் தெருவில் விழுந்திருக்கும். அடுத்தது நேரம். மதியச் சாப்பாடு முடிந்து 4 மணிக்கு மூடி 6:30க்குத் திறக்கிறீர்கள் என்றால் இரண்டு வேளையையும் தனித்தனியாகப் போடுங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறைக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் சிறப்பு நேரம் போடும் வசதி இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. அப்புறம் மெனு, விலை, கூப்பிட்டால் உண்மையில் எடுக்கிற ஒரு போன் நம்பர்.

கடைப் பெயரோடு "மதுரையின் பெஸ்ட் பிரியாணி" என்றெல்லாம் சேர்க்காதீர்கள். போர்டில் இருக்கும் பெயர்தான் இருக்க வேண்டும் என்பது கூகுள் விதி, மீறினால் பக்கத்தை முடக்கிவிடுவார்கள். "பணம் கட்டுங்க, மேப்புல முதல்ல வர வைக்கிறேன்" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். தேடியதோடு பொருத்தம், தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்ற மூன்றை வைத்து வரிசைப்படுத்துவதாகவும், பணம் வாங்கிக்கொண்டு அந்த வரிசையை மாற்றுவதில்லை என்றும் கூகுளே சொல்கிறது.

"எங்க கடையை யாரோ ஏற்கெனவே கூகுள்ல போட்டு வச்சிருக்காங்க. நம்பர்கூட தப்பு. என்ன பண்றது?"

புதிதாக இன்னொன்று திறக்காதீர்கள். இரண்டு பக்கம் இருந்தால் ரிவியூ இரண்டாகப் பிரிந்துவிடும். இருக்கும் பக்கத்திலேயே உரிமை கோரும் இணைப்பு இருக்கிறது. வேறு யாராவது நிர்வகித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்குக் கோரிக்கை போகும். சில நாளில் பதில் வராவிட்டால் நீங்களே உரிமையை நிரூபிக்க வழி கிடைக்கலாம். இப்போதெல்லாம் பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெரு, கடை போர்டு, உள்ளே கல்லா, சமையலறை என்று நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும். ஷட்டரைச் சாவி போட்டுத் திறப்பதையும் சேர்த்தால் நல்லது.

"நல்ல கேமரா வாங்கணுமா?"

வேண்டாம், போன் போதும். எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். சமையலறை போனில் எண்ணெய்ப் படலம் இல்லாமல் இருக்கவே இருக்காது. பகல் வெளிச்சத்தில், வாசல் பக்க மேசையில் இலையை வைத்து எடுங்கள். டியூப்லைட்டுக்கு நேர் கீழே எடுத்தால் எந்தக் குழம்பும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும்.

சாப்பாட்டைவிட அதற்குப் பின்னால் தெரிவதைக் கவனியுங்கள். போர்டில் "செக்கு எண்ணெய்ச் சமையல்" என்று எழுதிவிட்டு, ரீலில் மாஸ்டருக்குப் பின்னால் பாமாயில் டின் வரிசையாக நின்றால் கமென்ட்டில் பிடித்துக்கொள்வார்கள். மாஸ்டர் தலையில் தொப்பி இருக்கிறதா, மேசை துடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

"ரெண்டு நாள் போட்டோம், அப்புறம் போட ஒண்ணும் இல்ல. தினமும் என்னதான் போடுறது?"

தினமும் ரீல் போட வேண்டியதில்லை. தினமும் போட வேண்டியது இன்றைய மெனு மட்டும்தான். அது ஸ்டோரியிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போனால் போதும், 24 மணி நேரத்தில் தானாகப் போய்விடும். "இன்னிக்கு அயிரை மீன் குழம்பு, ஒரு மணிக்கு மேல கிடைக்கிறது கஷ்டம்" என்று கரும்பலகையில் எழுதிப் படம் எடுத்தாலும் ஆள் வரும். தீர்ந்துவிட்டால் தீர்ந்துவிட்டது என்றும் போடுங்கள். வெயிலில் வண்டி ஓட்டி வந்து ஏமாறாதவர் நாளைக்குக் கட்டாயம் வருவார்.

ரீல் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். மாஸ்டர் மாவை வீசுவது, காலை ஆறு மணிக்கு அம்மி ஓடுவது, அடுப்பில் இருந்து இறங்கும் பிரியாணி அண்டாவின் தம் உடைப்பது. இதையெல்லாம் நீங்கள் தினமும் பார்ப்பதால் உங்களுக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. பார்க்கிறவருக்கு அதுதான் வேண்டும். "குட் மார்னிங்" படங்களையும் தலைவர்கள் பிறந்தநாள் போஸ்டர்களையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

"வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு கஸ்டமர் எல்லாரையும் சேர்த்துடவா?"

கூடாது. குரூப்பில் ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியும். உங்கள் கடைக்குச் சாப்பிட வந்த பெண்ணின் நம்பர் முன்பின் தெரியாத பல பேர் கைக்குப் போகும். அது போதாதென்று குரூப்பில் யாராவது அரசியல் ஃபார்வர்டு போட ஆரம்பிப்பார்.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பை இறக்குங்கள், இலவசம்தான். அதில் மெனுவைப் படத்தோடும் விலையோடும் கேட்டலாக்கில் வைக்கலாம். கடை மூடியிருக்கும்போது தானாகப் பதில் போகும்படியும் செய்யலாம். பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்ப பிராட்காஸ்ட் லிஸ்ட் உண்டு. ஒரு லிஸ்டில் 256 பேர் வரை. உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்த மெசேஜ் போய்ச் சேரும். அதனால் பில் கொடுக்கும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்குங்க, மீன் வர்ற அன்னிக்குச் சொல்றோம்" என்று கேளுங்கள். வேண்டாம் என்பவரை விட்டுவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பத்தரை, பதினொரு மணிக்கு அனுப்புவது சரி. வாரத்தில் இரண்டு மெசேஜுக்கு மேல் போனால் பிளாக் செய்துவிடுவார்கள்.

"பாட்டு போட்டாத்தான் ரீல் ஓடுது. ஆனா பிசினஸ் அக்கவுன்ட்ல அந்தப் பாட்டே காட்ட மாட்டேங்குது?"

அது கோளாறு இல்லை. தனிநபர் பயன்பாட்டுக்கு வாங்கிய பாட்டு உரிமை வியாபார விளம்பரத்துக்குச் செல்லாது. அதனால் பிசினஸ் அக்கவுன்ட்டில் சினிமா பாட்டுகளில் பெரும்பகுதி வராது. வேறு வழியில் வீடியோவிலேயே பாட்டை ஒட்டிப் போட்டால் ஒலியை நீக்கலாம், உரிமையாளர் நோட்டீஸும் அனுப்பலாம். இன்ஸ்டாவை நடத்தும் மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷனில் விளம்பரத்துக்கும் பயன்படுத்தக்கூடிய இசை இருக்கிறது.

என்னைக் கேட்டால் பரோட்டா கடைக்குப் பாட்டே வேண்டாம். கொத்து பரோட்டா போடும் சத்தத்தைவிட நல்ல இசை எந்தக் கலெக்‌ஷனிலும் கிடைக்காது. இசையை எடுத்துவிட்டு அந்தச் சத்தத்தோடு ஒரு ரீல் போட்டுப் பாருங்கள்.

"ஒரு விலாகர் வர்றேங்கிறார். சாப்பாடு ஃப்ரீ, மேல பணமும் கேக்கறார். கொடுக்கலாமா சார்?"

அவருக்கு எத்தனை ஃபாலோயர்ஸ் என்று கேட்காதீர்கள். அவருடைய கடைசிப் பத்து வீடியோவின் கமென்ட்டைப் படியுங்கள். "எந்த ஏரியா?", "பார்க்கிங் இருக்கா?" என்று கேட்பவர்கள் உங்கள் ஊர்க்காரர்களா? சென்னையிலும் துபாயிலும் இருந்து ஐந்து லட்சம் பேர் பார்ப்பதைவிட, உங்கள் கடையைச் சுற்றி இருக்கும் ஐயாயிரம் பேர் பார்ப்பது மேல். உள்ளூரில் சிறிய அளவில் செய்பவர்கள் பலர் சாப்பாட்டுக்கே வந்து நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பணமோ இலவசச் சாப்பாடோ கொடுத்தால் அது விளம்பரம். அதை வீடியோவில் தெளிவாகச் சொல்ல வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ல் தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டுதல்களைக் கொண்டுவந்தது. சமூக ஊடகங்களில் பொருளைப் பரிந்துரைப்பவர்களுக்கான விளக்கத்தை நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. அது விலாகருக்கு மட்டுமல்ல, கடைக்காரருக்கும் பொருந்தும்.

ஒப்புக்கொண்டால் எத்தனை வீடியோ, எந்தத் தேதி, நீங்கள் அதை மறுபடி பயன்படுத்தலாமா என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். அப்புறம் முக்கியமாக மாஸ்டருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

"ஒரு வீடியோ வைரல் ஆயிட்டா போதும்ல?"

மாஸ்டருக்குச் சொல்லச் சொன்னது இதற்காகத்தான். வைரல் ஆனால் அடுத்த சனி, ஞாயிறு மூன்று மடங்கு கூட்டம் வரும், அடுப்பும் ஆளும் பழைய அளவில்தான் இருக்கும். அன்றைக்குச் சோறு வேகாமல் போகும், சப்ளையர் எரிந்து விழுவார், தினமும் வரும் வாடிக்கையாளருக்கு இடம் இருக்காது. புதிதாக வந்தவர் ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போவார்.

டெல்லி மாளவியா நகரில் பாபா கா தாபா என்ற சாலையோரச் சாப்பாட்டுக் கடையின் கதை பலருக்கும் நினைவிருக்கும். 2020 அக்டோபரில், கொரோனாவில் வியாபாரம் இல்லாமல் அந்தக் கடைக்காரப் பெரியவர் அழுத வீடியோ நாடெங்கும் பரவியது, கடை முன்னால் வரிசை நின்றது. உதவிப் பணம் வந்தது. அதை வைத்து வீடியோ எடுத்தவரோடு தகராறும் வந்தது. டிசம்பரில் பெரிதாக ஒரு ரெஸ்டாரன்ட் திறந்தார். 2021 பிப்ரவரியில் அதை மூடிவிட்டுப் பழைய தாபாவுக்கே திரும்பினார். ஒரு மாதத்துக் கூட்டத்தை நம்பி வாடகையும் சம்பளமும் ஏற்றினால் யாருக்கும் இதுதான் நடக்கும்.

நம் பக்கத்தில் திறப்பு விழாவுக்கு ஒரு ரூபாய் பிரியாணி, ஐந்து பைசா பிரியாணி என்று அறிவிப்பதும் இதே வகைதான். 2021 ஜூலையில் மதுரை செல்லூரில் ஐந்து பைசாவுக்குப் பிரியாணி என்றதும் கொரோனா நேரத்தில் அத்தனை கூட்டம் கூடி, கடையை மூட வேண்டியதாயிற்று. ஐந்து பைசாவுக்கு வந்தவர் 180 ரூபாய்க்குத் திரும்பி வருவார் என்று நான் நம்புவதில்லை.

"ஒருத்தன் சாப்பிடவே இல்ல, ஒரு ஸ்டார் போட்டுட்டுப் போயிட்டான். அழிக்க முடியாதா?"

உங்களால் அழிக்க முடியாது. விதிமீறல் என்று கூகுளிடம் புகார் செய்யலாம், அவர்கள் ஒப்புக்கொண்டால் நீக்குவார்கள். சாப்பாடு பிடிக்கவில்லை என்பது விதிமீறல் ஆகாது. கெட்ட வார்த்தை, மிரட்டல், வேறு கடையைப் பற்றிய ரிவியூ போன்றவைதான் ஆகும்.

கோபத்தில் பதில் எழுதாதீர்கள். இரவு கடை அடைத்து, கல்லா எண்ணி, சாப்பிட்டு முடித்த பிறகு எழுதுங்கள். "வணக்கம். அன்று சாம்பார் புளித்திருந்தது எங்கள் தவறுதான். மதியம் வைத்ததை இரவு பரிமாறியிருக்கிறார்கள், நிறுத்திவிட்டோம். அடுத்த முறை வரும்போது கல்லாவில் சொல்லுங்கள்." இவ்வளவு போதும். வராதவர் என்று உறுதியாகத் தெரிந்தால், "அந்தத் தேதி கடை விடுமுறை, வேறு கடையாக இருக்குமோ?" என்று மரியாதையாகக் கேளுங்கள். உங்கள் பதிலை அவரைவிட, இன்றிரவு எங்கே சாப்பிடலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம் படிக்கிறார்கள்.

"அஞ்சு ஸ்டார் போட்டா டீ ஃப்ரீன்னு போர்டு வச்சிடலாமா?"

வைக்காதீர்கள். ரிவியூவுக்குப் பதிலாக எதையும் கொடுப்பதைக் கூகுள் தடை செய்திருக்கிறது. சிரித்த முகத்தோடு போகிறவரிடம் மட்டும் கேட்பதும் விதிக்கு எதிரானது. ஆன்லைன் ரிவியூக்களுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022ல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையையே கொண்டுவந்தது. காசு கொடுத்து வாங்கும் ரிவியூவை அதுவும் ஏற்பதில்லை.

புரொஃபைலில் இருந்தே ரிவியூ இணைப்பும் கியூ.ஆர். கோடும் எடுக்கலாம். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். "எப்படி இருந்ததுன்னு எழுதுங்க" என்று எல்லோரிடமும் கேளுங்கள். மச்சான், சித்தப்பா, கடைப் பையன்கள் என்று எல்லோரும் ஒரே நாளில் ஐந்து ஸ்டார் போட்டால் பார்க்கிறவருக்கே தெரிந்துவிடும்.

"பூஸ்ட் பட்டனை அமுக்கினா ஆள் வருமா? எவ்வளவு போடணும்?"

பூஸ்ட் என்பது காசு கட்டி உங்கள் ரீலைக் கூடுதல் பேருக்குக் காட்டச் சொல்வது. யாருக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லாமல் அமுக்கினால் காசு போகும், லைக் வரும், ஆள் வராது. கடையை மையமாக வைத்து ஐந்து, ஆறு கிலோமீட்டர் வட்டத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். லைக்குக்காகப் போடாமல், போன் அல்லது வாட்ஸ்அப் மெசேஜ் வருவதற்காகப் போடுங்கள். ஏற்கெனவே தானாக ஓரளவு ஓடிய ரீலுக்கு மட்டும் பணம் போடுங்கள். யாரும் பார்க்காத ரீலைக் காசு காப்பாற்றாது.

நாளுக்கு 200, 300 ரூபாய் என்று ஒரு வாரம் போட்டுப் பார்க்கலாம். மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. பலன் தெரிய, அந்த ரீலில் மட்டும் ஒரு ஐட்டத்தைச் சொல்லுங்கள். அந்த வாரம் கறி தோசை எத்தனை கூடுதலாகப் போனது என்று பில் புத்தகம் சொல்லிவிடும். கூகுள் புரொஃபைலில் எத்தனை பேர் வழி கேட்டார்கள், எத்தனை பேர் போன் செய்தார்கள் என்ற கணக்கும் இருக்கிறது.

"ஸ்விக்கி, சோமாட்டோல இருக்கோமே. அதுவே விளம்பரம்தானே?"

விற்பனைதான், ஆனால் அந்த வாடிக்கையாளர் பெரும்பாலும் ஆப்புக்குச் சொந்தம். அவர் நம்பர் உங்கள் கைக்கு வருவதில்லை. கமிஷனை ஈடுகட்ட ஆப்பில் விலையைக் கூட்டி வைத்திருந்தால், இன்ஸ்டாவில் கடை விலை என்று தெளிவாக எழுதுங்கள். இல்லாவிட்டால் "ரெண்டு விலை ஏன்?" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். பார்சலில் உங்கள் வாட்ஸ்அப் நம்பர் உள்ள சீட்டு வைக்கும் முன், ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இருக்கிறதா என்று படித்துவிடுங்கள்.

"வீட்டுலயே செஞ்சு இன்ஸ்டாவுல ஆர்டர் எடுக்கிறேன் அண்ணா. லைசென்ஸ் வேணுமா? வீட்டு அட்ரஸை மேப்புல போட பயமா இருக்கு."

வீட்டில் செய்து விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். கிடைக்கும் 14 இலக்க எண்ணை இன்ஸ்டா பக்கத்தின் அறிமுகத்திலேயே போடுங்கள். பில் கொடுத்தால் அதிலும் அந்த எண் இருக்க வேண்டும், 2022 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். முகவரிக்கு வழி இருக்கிறது. கூகுள் புரொஃபைலில் முகவரியை மறைத்து, நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் பகுதிகளை மட்டும் காட்டலாம். சொந்த நம்பரைக் கொடுக்காமல் தனி சிம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்ம்மா.

"கருப்புக் கவுனி கஞ்சி குடிச்சா சுகர் குறையும்னு போடலாமா? எல்லாரும் போடறாங்களே."

எல்லோரும் போடுகிறார்கள், அதற்காகச் சரியாகிவிடாது. நோய் தீரும், குறையும் என்று உணவைப் பற்றி விளம்பரம் செய்வதை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018ஆம் ஆண்டு விளம்பர ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் உண்டு. நீங்கள் போடும் ரீலும் விளம்பரம்தான். "கருப்புக் கவுனி, இரவு ஊற வைத்து, சின்ன வெங்காயம் தாளித்து" என்று செய்முறையைச் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடும் ஒருவர் உங்கள் ரீலை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

"புரட்டாசியில அசைவக் கடை என்ன போடும்? பேசாம இருந்துடவா?"

பேசாமல் இருக்க வேண்டாம், ஆனால் மல்லுக்கட்டவும் வேண்டாம். விரதம் இருப்பவர் கண்ணில் தினமும் மட்டன் சுக்காவைக் காட்டினால் அன்ஃபாலோ செய்துவிடுவார். காளான் பிரியாணி போடலாம் என்பார்கள். விரதக்காரர் அசைவம் சமைக்கும் அடுப்புக்கு எப்படியும் வர மாட்டார், தனிப் பாத்திரம் இல்லாமல் "சுத்த சைவம்" என்று போடுவதும் தப்பு. அந்த மாதத்தில் கடைக்குப் பெயின்ட் அடியுங்கள், மெனு படங்களைப் புதிதாக எடுங்கள், நேரத்தைக் குறைத்தால் மேப்பிலும் குறையுங்கள்.

புரட்டாசி முடிந்து வரும் முதல் ஞாயிறுதான் உங்கள் நாள். முன்பதிவை வியாழக்கிழமையே வாட்ஸ்அப்பில் திறந்துவிடுங்கள். எத்தனை கிலோ அரிசி போடுவது என்று மாஸ்டருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

"நம்பரைப் போட்டதும் 'மிலிட்டரில இருந்து பேசறேன், முப்பது பார்சல் வேணும்'னு போன் வருது. நம்பலாமா?"

இது ஊர் ஊராக நடக்கும் மோசடி. மொத்தமாக ஆர்டர் சொல்வார், அடையாள அட்டைப் படம் அனுப்புவார், பணம் போட ஒரு கியூ.ஆர். கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும். மொத்த ஆர்டருக்கு அட்வான்ஸ் கணக்கில் ஏறிய பிறகே அடுப்பு மூட்டுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். கல்லாவில் உட்காரும் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள், முதலாளி இல்லாத நேரம் பார்த்துத்தான் இந்த போன் வரும்.

"இவ்வளவையும் யார் பண்றது? ஏஜென்சிகிட்ட கொடுத்துடவா, இல்ல நம்ம பையனே பாத்துக்கட்டுமா?"

இன்றைய மெனுவும் ரிவியூ பதிலும் கடைக்குள் இருப்பவர்தான் செய்ய முடியும். நாளுக்கு அரை மணி நேர வேலை. வீடியோ எடிட்டிங், விளம்பரம் மாதிரி விஷயங்களை வேண்டுமானால் வெளியே கொடுங்கள். மாதம் இத்தனை போஸ்டர் என்று கணக்குச் சொல்லும் ஏஜென்சியிடம், உங்கள் கடைக்கு வந்து சாப்பிட்டார்களா என்று முதலில் கேளுங்கள்.

யார் செய்தாலும் அக்கவுன்ட் உங்கள் நம்பரிலும் உங்கள் மெயிலிலும் இருக்கட்டும். கூகுளில் நீங்கள் உரிமையாளர், அவர்கள் மேலாளர் என்று பிரித்துக் கொடுக்கலாம். இன்ஸ்டாவில் இரட்டைச் சரிபார்ப்பை உங்கள் போனுக்கு வரும்படி வையுங்கள். வேலையை விட்டுப் போன பையன் போனோடு பாஸ்வேர்டும் போய், பல வருட ரிவியூ இருக்கும் பக்கத்தைத் தொட முடியாமல் தவிக்கும் கடைகள் இருக்கின்றன. அப்படி ஆகிவிட்டால் மூன்றாவது கேள்வியில் சொன்ன உரிமை கோரும் வழிதான், அதற்குக் கடை பெயரில் ஜி.எஸ்.டி. சான்றிதழ், மின் கட்டண ரசீது, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் மூன்றையும் போனில் படமெடுத்துத் தயாராக வைத்திருங்கள்.